ஒரே காலண்டரில் இரண்டு கையொப்பம்

சிவகாசி அச்சகங்கள் நாடெங்கும் அனுப்பிய சாமிப்பட காலண்டர்களில் புகழ்பெற்றவை பல, பக்கத்து ஊரான கோவில்பட்டியில் ஓர் ஓவியக்கூடத்தில் பிறந்தவை. 1940-களில் சி. கொண்டையராஜு அங்கே தேவி ஆர்ட் ஸ்டுடியோவைத் தொடங்கினார்.

சிவகாசிக்கு அச்சுத்தொழில் வந்தது தீப்பெட்டியால். 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பினர். தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் வண்ண லேபிள் வேண்டும். அதற்காக வந்த லித்தோ (கல்லச்சு) அச்சகங்கள் காலண்டரும் அச்சிடத் தொடங்கின. வறண்ட காற்றும் துணை நின்றது. ஈரம் குடித்த தாள் விரிந்தால் வண்ணம் இடம் மாறிவிடும்.

1898-இல் பிறந்த கொண்டையராஜு சென்னை ஓவியப் பள்ளியில் பயின்றவர். நாடகக் கம்பெனிக்கு சீன் திரை தீட்டியவர். பல பேர் சேர்ந்து தீட்டும் திரைச்சீலைகளில் கை பழகியவருக்குக் கூட்டு வேலை புதிதல்ல. அவர் வரைந்த தேவியரின் நேர்ப்பார்வையிலும் நகையின் பளபளப்பிலும் பின்னணி மண்டபத்திலும் நாடக மேடையே தெரிகிறது. டி.எஸ். சுப்பையா, டி.எஸ். அருணாசலம், எம். ராமலிங்கம், செண்பகராமன் ஆகியோர் அவருடைய சீடர்கள். குருவும் சீடரும் ஒரே படத்தில் கைவைத்தார்கள். காலண்டரின் அடியில் இருவர் பெயரும் சேர்ந்தே அச்சாயின. தமிழ்நாட்டு ஓவிய வரலாற்றில் இதுபோல் வெளிப்படையான கூட்டுக் கையொப்பம் அரிது.

படம் அச்சகத்துக்குப் போனபின் இன்னொரு கலைஞரின் வேலை தொடங்கும். லித்தோவில் படத்தில் எத்தனை வண்ணமோ அத்தனை கல் அல்லது தகடு. ஒவ்வொன்றிலும் அந்த வண்ணத்துக்குரிய பகுதியை மட்டும் புள்ளி புள்ளியாகக் கையால் வைக்க வேண்டும். ஒரு தகடு மயிரிழை விலகினாலும் அம்மனின் கண் இரட்டையாகத் தெரியும். இந்தக் கைகளின் பெயர் எந்தக் காலண்டரிலும் இல்லை. ஆஃப்செட்டும் கேமராவும் வந்தபின் புள்ளி வைப்பவர் வேலையும் மறைந்தது.

ஓவியரும் அச்சுக் கலைஞரும் சேர்ந்து உழைக்கும் பட்டறைகள் மேல்நாட்டிலும் உண்டு. லாஸ் ஏஞ்சலிஸில் 1960-இல் தொடங்கிய டமரிண்ட் லித்தோ பட்டறை அவற்றில் ஒன்று. அங்கே ஒவ்வொரு படமும் சில பிரதிகளே. எண்ணிட்டு, கையெழுத்திட்டு, சேகரிப்பவரிடம் போகும். சிவகாசிப் படமோ மளிகைக்கடை அன்பளிப்பாக வந்து, டிசம்பர் முடிந்ததும் கத்தரித்துச் சட்டம் போடப்பட்டு, பூஜையறைக்குப் போனது.

கொண்டையராஜு 1976-இல் காலமானார். வீட்டில் பழைய சாமிப்படம் இருந்தால், தூக்கி எறியுமுன் அதன் அடி ஓரத்தைத் துடைத்துப் பாருங்கள். குரு, சீடர் இருவர் பெயரும் அங்கே இருக்கக்கூடும்.