இனிப்பில்லாத ஒயினும் ஒரு குடும்பத்தின் பெயரும்

ஒயினைப் பற்றி நம் சங்க இதழில் எழுதப் புகுந்தால் தாய்மார்கள் முகம் சுளிப்பார்கள் என்பதை நாம் அறிவோம். குடிக்கச் சொல்லி எழுத வரவில்லை. நாம் குடிப்பவரும் அல்லோம். ஆயின், ரயில்வேயில் அமர்ந்து பிறருடைய சரக்குக்கு ரசீது எழுதும் நமக்கு, ஒரு பொருள் அதைச் செய்தவர் பெயரைச் சுமந்துகொண்டு ஊர் கடந்து போவதில் எப்போதும் ஓர் ஈடுபாடு உண்டு. அவ்வகையில் ஆஸ்திரியா நாட்டுத் திராட்சைக் குடும்பங்களின் வரலாறு அறியத்தக்கது.

வியன்னா நகருக்கு மேற்கே, மெல்க், கிரெம்ஸ் என்னும் இரண்டு ஊர்களுக்கு நடுவே டான்யூப் நதி ஏறக்குறைய 35 கிலோமீட்டர் தூரம் மலைகளின் இடையே வளைந்து செல்கிறது. அப்பள்ளத்தாக்குக்கு வாஹாவ் என்று பெயர். செங்குத்தான சரிவுகளில் சுண்ணாம்புச் சாந்து இன்றிக் கல்மேல் கல் அடுக்கிச் சுவர் எழுப்பி, அதன் பின்னே மண்ணை நிறுத்தி, படிப்படியாகத் திராட்சைக் கொடிகளை நட்டிருக்கின்றனர். மழையில் சுவர் சரிந்தால் மீண்டும் கையினால்தான் அடுக்க வேண்டும். பழம் பறிப்பதும் கையினாலேயே. 1909-ஆம் ஆண்டில் கிரெம்ஸிலிருந்து இப்பள்ளத்தாக்கு வழியே ரயில் பாதை அமைத்தார்கள். இன்று அதில் சுற்றுலா வண்டிகள் ஓடுகின்றன. 2000-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ இப்பகுதியை உலக மரபுச் சின்னங்களின் வரிசையில் சேர்த்தது.

அந்நாட்டில் மிகுதியாகப் பயிராகும் வெள்ளைத் திராட்சைக்கு க்ரூனர் வெல்ட்லீனர் என்று பெயர். அதன் ஒயினில் வெண்மிளகின் மணம் வீசும் என்பர். மிளகு எதுவும் சேர்ப்பதில்லை. மிளகுக்கு மணம் தரும் ரொட்டண்டோன் என்ற பொருளே அப்பழத்தின் தோலிலும் இருக்கிறது. மிளகு ரசம் மணக்கும் வீட்டில் வளர்ந்த நமக்கு இது வியப்பாகவும் இருக்கிறது, கொஞ்சம் உறவாகவும் தோன்றுகிறது.

சாற்றிலுள்ள சர்க்கரையை ஈஸ்ட் உண்டு சாராயமாக்குகிறது. சர்க்கரை ஏறக்குறைய முழுதும் தீரும்வரை விட்டால் கிடைப்பதை ஜெர்மன் மொழியில் 'உலர்ந்த' ஒயின் என்கிறார்கள். நீர்ப்பொருள் எவ்வாறு உலரும் என்று கேட்கலாம். உலர்ந்தது இனிப்புத்தான். லிட்டருக்கு 4 கிராம் சர்க்கரைக்கு மேற்படலாகாது. புளிப்பு மிகுந்திருப்பின் 9 கிராம் வரை விதி இடம் கொடுக்கிறது. இனிப்பு பல குறைகளை மூடிவிடும். பழுக்காத பழம், அழுகிய பழம், கழுவாத தொட்டி ஆகிய எதையும் இனிப்பற்ற ஒயினில் ஒளிக்க முடியாது.

1985-ஆம் ஆண்டில் அந்நாட்டுக்கு நேர்ந்த அவமானம் இவ்விடத்தில்தான் பிறந்தது. இனிப்பான ஒயினை மலிவாகக் கேட்ட அயல்நாட்டுச் சந்தைக்காக, சில வணிகரும் உற்பத்தியாளரும் தண்ணீர்போன்ற ஒயினில் டைஎத்திலின் கிளைகால் என்னும் நச்சுப் பொருளைக் கலந்து இனிப்பும் கனமும் கூட்டிக் காட்டினர். குட்டு வெளிப்பட்டதும் நாடு நாடாக ஆஸ்திரிய ஒயினைத் தடுத்தார்கள். ஜப்பானில் பெயர் மயக்கத்தால் பாவம், ஆஸ்திரேலிய ஒயினையும் கடைகளிலிருந்து எடுத்துவிட்டார்களாம்! இதே நஞ்சு கலந்த கிளிசரினால் 1986-இல் பம்பாயில் மருத்துவமனை நோயாளிகள் பதினால்வர் மாண்டதை மூத்த வாசகர் மறந்திருக்கமாட்டார்.

கலப்படம் செய்தவர் சிலர். ஆயினும் தண்டனை எல்லோர் தலையிலும் விழுந்தது. தலைமுறை தலைமுறையாகத் தம் கொடியைத் தாமே கவாத்து செய்து, தம் பழத்தைத் தாமே பிழிந்து, தம் பெயரைப் புட்டியில் ஒட்டிய குடும்பங்களின் சரக்கும் விலைபோகாமல் கிடந்தது. வணிகன் வேறு சரக்குக்கு மாறிக்கொள்வான். மலைச்சரிவில் கொடி வைத்திருப்பவன் எங்கே மாறுவது?

அதே ஆண்டில் அரசு கடுமையான சட்டம் இயற்றியது. இன்று தர ஒயின் ஒவ்வொன்றையும் அரசுச் சோதனைச்சாலையில் ஆய்ந்து, சுவை அறிந்தோர் சுவைத்துப் பார்த்த பின்னரே அதற்கு எண் வழங்குவர். புட்டியின் மூடியில் நாட்டுக் கொடியின் சிவப்பு-வெள்ளை-சிவப்பு நிறத்தில் ஒரு முத்திரை இருக்கும். அதில் உற்பத்தியாளரின் எண்ணும் உண்டு. சீல் உடையாத வாகனின் மதிப்பை அறிந்த ரயில்வேக்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

வாஹாவ் விவசாயிகள் சட்டத்துக்காகக் காத்திருக்கவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. 1983-ஆம் ஆண்டிலேயே வினேயா வாஹாவ் என்ற சங்கத்தை அமைத்துக்கொண்டனர். சாற்றில் சர்க்கரை சேர்ப்பதில்லை என்பது அவர்களது கட்டுப்பாடு. தம் இனிப்பற்ற ஒயினை மூன்று வகையாகப் பிரித்து, மெல்லியதற்குச் சரிவில் வளரும் ஒரு புல்லின் பெயரையும், நடுத்தரத்துக்கு வல்லூறு வேட்டையில் வழங்கும் ஒரு சொல்லையும், நன்கு முதிர்ந்த பழத்தில் செய்ததற்கு, கற்சுவர்களில் வெயில் காயும் மரகதப் பச்சைப் பல்லியின் பெயரையும் சூட்டினர். பல்லியைப் பெயராக வைக்க நம்மவர் இலேசில் துணியமாட்டார்!

கிரெம்ஸுக்கு எதிர்க்கரையில் மவுட்டர்ன் என்னும் ஊரில் நிக்கோலாய்ஹோஃப் என்றொரு பண்ணை இருக்கிறது. முன்பு மடத்துச் சொத்து. 1894 முதல் ஒரே குடும்பத்தின் கையில் உள்ளது. ரசாயன உரத்தின் புகழ் ஓங்கியிருந்த 1971-ஆம் ஆண்டிலேயே அதை ஒதுக்கி, இயற்கை முறைக்குத் திரும்பினர். அக்காலத்தில் எத்தனை பேர் நகைத்திருப்பார்களோ! இன்று அப்பண்ணையைக் காண வெளிநாட்டார் வருகிறார்கள்.

இக்குடும்பங்களுக்குப் பழைய உரிமை ஒன்றுண்டு. தாம் விளைவித்த ஒயினைத் தம் வீட்டிலேயே விற்றுக்கொள்ளலாம் என்று இரண்டாம் ஜோசப் மன்னர் 1784-இல் ஆணையிட்டார். அன்றுமுதல் இன்றுவரை, விற்பனை நாள்களில் வாயிலில் ஊசியிலை மரக்கிளையைக் கட்டித் தொங்கவிடுவது வழக்கம். முற்றத்தில் மர மேசைகள். வீட்டுப் பெண்கள் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் பரிமாற, பிழிந்தவரே ஊற்றிக் கொடுப்பார். ஒயின் புளித்திருந்தால் அவர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிடலாம். சில வாரங்களில் கிளையை இறக்கிவிடுவார்கள். அதன்பின் வருகிறவர் அடுத்த வீட்டுக் கிளையைத் தேடித் தெருவில் நடக்க வேண்டியதுதான்.