தமனிச் சுவரின் இயந்திரவியல் நடத்தையும் அதன் கணித மாதிரிகளும்

முன்னுரை

வயிற்றுப் பெருந்தமனியில் தோன்றும் வீக்கத்திற்கு எப்போது அறுவை சிகிச்சை தேவை என்பதை மருத்துவர்கள் பெரும்பாலும் அதன் விட்டத்தைக் கொண்டே முடிவு செய்கின்றனர். ஆண்களுக்கு இவ்வரம்பு பொதுவாக 5.5 செ.மீ. ஆகும். எனினும், இவ்வரம்பை எட்டாத வீக்கங்கள் சில வெடிப்பதும், அதனைக் கடந்தவை சில வெடிக்காதிருப்பதும் உண்டு. சுவரில் தோன்றும் தகைவு சுவரின் வலிமையை மிஞ்சும் இடத்திலேயே வெடிப்பு நிகழ்கிறது. விட்டம் இவ்விரண்டையும் நேரடியாகக் காட்டுவதில்லை. எனவே, தமனித் திசுவின் நடத்தையைக் கணித மாதிரியாக வடிக்கும் தேவை எழுகிறது. அம்மாதிரி எவற்றைக் கருத்திற்கொள்ள வேண்டும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

எளிய மதிப்பீடு

லாப்லாஸ் விதிப்படி, மெல்லிய சுவருடைய உருளையின் சுற்றுத் தகைவு என்பது அழுத்தத்தை ஆரத்தால் பெருக்கிச் சுவரின் தடிமனால் வகுக்கக் கிடைப்பதாகும். எடுத்துக்காட்டாக, ஆரம் 12 மி.மீ., தடிமன் 2 மி.மீ., அழுத்தம் 120 மி.மீ. பாதரசம் (ஏறத்தாழ 16 கிலோபாஸ்கல்) எனக் கொண்டால், தகைவு ஏறத்தாழ 96 கிலோபாஸ்கல் ஆகும். இது சராசரி மதிப்பே. சுவரினுள் தகைவு பரவியுள்ள விதத்தையோ, சுவர் எவ்வளவு விரியும் என்பதையோ இது கூறுவதில்லை.

இழைகளின் பங்கு

விரிவைக் கணிக்க ஹூக் விதியும் போதாது. தமனி தொடக்கத்தில் எளிதில் விரிந்து, பின்னர் விரைந்து விறைப்படைகிறது. 1957இல் ரோச், பர்ட்டன் ஆகியோர் மனித இலியத் தமனிகளிலிருந்து டிரிப்சினால் எலாஸ்டினையும், ஃபார்மிக் அமிலத்தால் கொலாஜனையும் தனித்தனியே நீக்கி ஆராய்ந்தனர். குறைந்த விரிவில் எலாஸ்டினும், மிகுந்த விரிவில் கொலாஜனும் சுமையைத் தாங்குவதை அவ்வாய்வு புலப்படுத்தியது. தளர்நிலையில் நெளிந்து கிடக்கும் கொலாஜன் இழைகள் நிமிர்ந்த பின்னரே இழுவிசையை ஏற்கின்றன. இவ்விறைப்பை ஃபங் அடுக்குக்குறிச் சார்பால் குறித்தார். 2000இல் ஹோல்சாப்ஃபெல், காசர், ஆக்டன் ஆகியோர் முன்வைத்த மாதிரி, ஒவ்வோர் அடுக்கிலும் சுருள்வடிவில் அமைந்த இரு இழைத் தொகுதிகளின் திசையையும் கணக்கில் கொண்டது.

எஞ்சிய தகைவு

உடலிலிருந்து எடுத்த தமனி வளையத்தை ஆரத்திசையில் ஓரிடத்தில் வெட்டினால் அது விரிந்து திறந்துகொள்கிறது. ஆகவே, அழுத்தமற்ற தமனி தகைவற்ற தமனி அன்று. அதன் உட்புறம் அமுக்கத்திலும் வெளிப்புறம் இழுவிசையிலும் உள்ளன. இதனைப் புறக்கணிக்கும் மாதிரி, இரத்த அழுத்தத்தின்கீழ் உட்சுவரில் தகைவு மிகுதியாகக் குவிவதாகக் காட்டும். 1986இல் சுவோங், ஃபங் ஆகியோர் எஞ்சிய தகைவைச் சேர்த்துக் கணித்தபோது அக்குவிவு பெரிதும் குறைந்தது.

முடிவுரை

பெருந்தமனி வீக்கத்தில் எலாஸ்டின் சிதைவதால் சுமை கொலாஜனைச் சார்கிறது. ஆதலால், ஒரே விட்டமுடைய இருவரின் சுவர்கள் ஒரே தன்மையுடையன எனக் கொள்ள இயலாது. மருத்துவப் படிமங்கள் அழுத்தத்தின்கீழ் உள்ள வடிவத்தையே தருகின்றன. இழைத் திசையும் எஞ்சிய தகைவும் அவற்றில் நேரடியாகப் புலப்படுவதில்லை. இவ்விடைவெளியை நிரப்பும் அளவிற்கே கணித மாதிரி விட்ட வரம்பிற்குத் துணைநிற்க இயலும் எனலாம்.