சோலைவரியும் வாரண்டும்

சோலைவரி என்ற சொல்லைக் கேட்டதும் முகஞ் சுளியாத குடும்பத் தலைவர் யாழ்ப்பாணத்தில் மிகச் சிலரே. அரசாங்கப் பத்திரங்களில் ஆதனவரி என்றும் மதிப்பீட்டு வரி என்றும் எழுதப்படுவது இதுவே. வீதி விளக்கு, வடிகால், குப்பை அகற்றல், வாசிகசாலை என்பவற்றுக்கு இவ்வரிப் பணம் உதவுகின்றதாதலின், வரியே வேண்டாமென்பார் அரியர். மக்கள் மனம் நோவது வரியினாலன்று. நிலுவையை அறவிடும் முறையினாலேயாம்.

முதலில், வரி கணிக்கப்படும் வகையை நோக்குவோம். ஒரு வீட்டை வாடகைக்கு விட்டால் ஆண்டொன்றில் எவ்வளவு பெறலாம் என்பதை அடிப்படையாகக் கொண்டு ஆண்டுப் பெறுமதி மதிப்பிடப்படும். அதன் ஒரு நூற்றுவீதமே வரி. உதாரணமாக, ஆண்டுப் பெறுமதி 10,000 ரூபா, வரி நூற்றுக்கு 8 எனக் கொண்டால், ஆண்டு வரி 800 ரூபா. காலாண்டுக்கு 200 ரூபா. முழுத் தொகையையும் சனவரி 31 ஆந் திகதிக்குள் செலுத்துவோருக்கு நூற்றுக்கு 10 கழிவு கிடைக்கும். மேற்கூறிய வீட்டுக்கு 80 ரூபா மிச்சம். காலாண்டின் முதல் மாதத்திற் செலுத்துவோருக்கு நூற்றுக்கு 5 கழிவு.

செலுத்தாதவர் நிலை யாது? 1949 இல் மாநகரமாகிய யாழ்ப்பாணத்துக்கு 1947 ஆம் ஆண்டின் 29 ஆம் இலக்க மாநகர சபைகள் கட்டளைச் சட்டமும், கிராமங்களுக்கு 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டமும் உரியன. நிலுவை நின்றால் சபை வாரண்டு பிறப்பிக்கலாம். இச்சொல்லைக் கேட்டு நடுங்குவோர் பலர். ஆயின், இது ஆளைப் பிடிக்கும் ஆணையன்று. பொருளைக் கைப்பற்றி விற்றுக் கடனை ஈடுசெய்யும் ஆணையாம். அசையும் பொருள் போதாவிடின் அசையா ஆதனமும் ஏலத்துக்கு வரலாம். வாரண்டுச் செலவும் கடனாளி தலையிலேயே விழும்.

நம் குடாநாட்டில் இம்முறை இடறும் இடம் ஒன்றுண்டு. இங்கே ஆதனங்கள் சீதனமாகவும் முதுசமாகவும் கைமாறுவன. பிரிபடாப் பங்குகளாய்க் கிடக்கும் வளவுகளும் பல. உறுதியிற் பெயர் மாறினும் வரிப் பதிவேட்டிற் பாட்டனார் பெயரே நிலைத்திருப்பதுண்டு. 1995 ஒற்றோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கிற் பெயர்ந்து சென்றனர். பங்காளிகள் கனடாவிலும் இங்கிலாந்திலும் வாழ, வீட்டைக் காத்திருக்கும் மூத்த சகோதரியாரின் கையிலே பல ஆண்டு நிலுவை ஒரே கடிதமாக வந்து சேர்ந்தால் அவர் என் செய்வார்? பூட்டிய படலையில் ஒட்டப்பட்ட அறிவித்தலை எவர் வாசிப்பர்?

கடல் கடந்த நாடுகளிலும் இக்குறை உண்டு. இங்கிலாந்தில் 1993 முதல் வழங்கும் உள்ளூராட்சி வரியிலே, தவணைப் பணம் தவறி, நினைவூட்டலுக்குப் பின்னும் செலுத்தாவிடின் ஆண்டின் எஞ்சிய தொகை முழுவதும் உடனே கேட்கப்படும். 2014 இல் வகுக்கப்பட்ட விதிகளின்படி, அறவிடும் முகவரிடம் கடன் ஒப்படைக்கப்பட்டதும் 75 பவுணும், அவர் வீடு தேடி வந்தால் மேலும் 235 பவுணும் கடனோடு சேர்ந்தன. வறியவரின் சிறு கடன் இவ்வாறு பெருங் கடனாயிற்று. வரி செலுத்தாமைக்குச் சிறையிடும் வழக்கத்தை வேல்ஸ் நாடு 2019 இல் ஒழித்துவிட்டது. அச்சுறுத்தலினும் ஒழுங்கான தவணையே பணத்தைக் கொணரும் என்பது சிந்திக்கத்தக்கது.

நிற்க, சபைகளின் பக்கமும் நியாயம் உண்டு. நிலுவை குவிந்தால் விளக்கு எரியாது. ஒழுங்காகச் செலுத்துபவரே இருளில் நடக்க நேரும். ஆகவே இரு பாலார்க்கும் கடமை உண்டு. வாரண்டுக்கு முன்னர், குடியிருப்பவர் கையிற் சேருமாறு ஆண்டுவாரியான கணக்கை அனுப்புதலும், இயலாதோர்க்குத் தவணை வழங்குதலும் சபைக்கு அழகு. உறுதியின் பிரதியைக் கொடுத்துப் பதிவேட்டிற் பெயரை மாற்றுவித்தலும், மதிப்பீடு மிகையெனின் அறிவித்தலிற் கண்ட தவணைக்குள் எழுத்தில் ஆட்சேபித்தலும், பற்றுச்சீட்டுகளைப் பேணுதலும் வீட்டார்க்கு அழகு. பிறநாட்டிலுள்ள பங்காளிகள் தம் பங்கு வரியை ஆண்டுதோறும் தையிலேயே அனுப்புவாராயின், ஊரிலிருக்கும் உடன்பிறப்பு வாரண்டுக்கு அஞ்சாது வாழலாம்.

மாணவர்காள், இன்றே வீட்டு இலாச்சியைத் திறந்து கடைசிச் சோலைவரிப் பற்றுச்சீட்டு எந்த ஆண்டினது, எவர் பெயரிலுள்ளது என்று பெற்றோருக்கு வாசித்துக் காட்டுங்கள்.