மெனு எழுத்து ஏன் எறும்பாகிறது?

பொத்தானை அழுத்தியதும் லினக்ஸ் உடனே ஓடத் தொடங்குவதில்லை. பல கணினிகளில் அதை ஏற்றிவிடுவது 'கிரப்' என்ற சிறு நிரல். அந்த நேரத்தில் லினக்ஸின் திரை டிரைவர் எதுவும் வந்திருக்காது. ஆகவே, கணினியின் ஃபர்ம்வேர் தரும் திரை அளவுகளில் ஒன்றையே கிரப் பயன்படுத்த முடியும்.

இயல்பாக அது 'ஆட்டோ' முறையில் தானே ஓர் அளவைத் தேர்ந்தெடுக்கும். 4கே திரையில் அது 3840×2160 புள்ளிகளாக இருக்கலாம். எழுத்துக்குரிய புள்ளிகளோ கூடுவதில்லை. அதனால் மெனு எறும்பாய்ச் சிறுத்துவிடும்.

மாற்ற வேண்டுமா? கிரப் கட்டளை வரியில் 'வீடியோஇன்ஃபோ' என்று தட்டினால், கிடைக்கும் அளவுகள் வரிசையாக வரும். அவற்றில் 1024×768 இருந்தால், அமைப்புக் கோப்பின் 'ஜிஎஃப்எக்ஸ்மோட்' வரியில் அதை எழுதி, காற்புள்ளி இட்டு 'ஆட்டோ'வையும் சேருங்கள். முதலாவது கைவிட்டாலும் அடுத்தது காப்பாற்றும். உபுண்டுவில் 'அப்டேட்-கிரப்' கட்டளை கொடுத்த பிறகே மாற்றம் நடப்புக்கு வரும்.