'அண்டர் புரொட்டஸ்ட்'னா என்ன? நிலத்துக்கு செக் வாங்கும் முன் தெரிஞ்சுக்குங்க

புரொட்டஸ்ட் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது மறியல், உண்ணாவிரதம், கருப்புக்கொடி. ஆனால் அரசு ஆபீஸ் காகிதத்தில் இந்த வார்த்தைக்கு வேறு வேலை. அங்கே கோஷம் போட வேண்டாம். கையெழுத்துக்கு பக்கத்தில் 'அண்டர் புரொட்டஸ்ட்' என்று எழுதினால் போதும்.

வார்த்தைக்கு வார்த்தை பார்த்தால் "போராட்டத்துக்கு அடியில்" என்று வரும். சிரிப்புதான். உண்மையான அர்த்தம், 'ஆட்சேபனையுடன்'. அதாவது, "பணத்தை வாங்கிக்கிறேன், ஆனா இந்த தொகையை ஒத்துக்கலை".

இது லத்தீனில் இருந்து வந்த வார்த்தை. எல்லோர் முன்னாலும் சாட்சி சொல்வது என்பதுதான் மூல அர்த்தம். 1529-ல் ஜெர்மனியில் ஸ்பேயர் நகரில் கூடிய சபையில், மார்ட்டின் லூதர் பக்கம் நின்ற சிற்றரசர்கள் தங்கள் ஆட்சேபனையை எழுதி கொடுத்தனர். 'புராட்டஸ்டன்ட்' என்ற பெயர் வந்தது அதில் இருந்துதான். அப்பவே எழுத்துதான் பேசியிருக்கு, பாருங்க.

நிலம் கொடுத்தவர்கள் கவனிக்க

நம்ம மக்களுக்கு இந்த வார்த்தை முக்கியமாக தேவைப்படுவது, அரசு நிலத்தை எடுத்து இழப்பீடு கொடுக்கும்போது. கலெக்டர் ஒரு தொகையை முடிவு செய்து 'அவார்டு' போடுவார். தொகை குறைச்சல் என்று தெரிகிறது. ஆனால் வீட்டில் கடன் இருக்கும், மகள் கல்யாணம் இருக்கும். வாங்காமல் எத்தனை நாள் இருப்பது? வாங்கினால் ஒத்துக்கிட்ட மாதிரி ஆகிடுமோ என்ற பயம் வேறு.

அதற்குத்தான் இந்த 2 வார்த்தை. 2014 ஜனவரி 1-ல் நடைமுறைக்கு வந்த நில எடுப்பு சட்டத்தின் 77-வது பிரிவு, தொகை போதாது என்ற ஆட்சேபனையுடன் பணத்தை வாங்கலாம் என்கிறது. கூடவே ஒரு கொக்கியும் இருக்கிறது. ஆட்சேபனை இல்லாமல் வாங்கியவர், கூடுதல் தொகை கேட்டு மனு போட முடியாது. பழைய 1894-ம் ஆண்டு சட்டத்திலும் இதே கதைதான். கலெக்டர் ஆபீஸ் வாசலில் நாள் கணக்கில் உட்கார்ந்து போராடியவராக இருந்தாலும், ரசீதில் அது இல்லை என்றால் சிக்கல்.

இது சின்ன விஷயம் இல்லை. இந்த சட்டப்படி இழப்பீட்டுக்கு சமமாக 100 சதவீதம் ஆறுதல் தொகை உண்டு. இழப்பீடு ரூ.1 லட்சம் உயர்ந்தால் கைக்கு ரூ.2 லட்சம் கூடுதலாக வரும்.

எழுத மறந்தவர்கள் கதி? 1994-ல் அஜித்சிங் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு, கூடுதல் தொகை கேட்டு மனு கொடுத்ததே ஆட்சேபனைக்கு சமம் என்று சொன்னது. ஆனால் அதற்கு அவர்கள் டெல்லி வரை போக வேண்டி வந்தது. ஒரு வரி எழுதுவது அதைவிட சுலபம் இல்லையா?

6 வாரம்தான் கெடு

இங்கிலீஷ் வராது என்று கவலை வேண்டாம். இங்கிலீஷில்தான் எழுதணும் என்று அந்த பிரிவில் இல்லை. "தொகை போதாது என்ற ஆட்சேபனையுடன் பெற்றுக்கொண்டேன்" என்று எழுதி கையெழுத்து போடலாம். ரசீதில் ஏற்கனவே என்ன அச்சடித்து இருக்கிறது என்று படிச்சுப் பார்த்துட்டு போடுங்க.

எழுதியதோடு வேலை முடியாது. அவார்டு போடும்போது நேரில் இருந்தவர்கள், அன்றிலிருந்து 6 வாரத்துக்குள் கலெக்டரிடம் மனு கொடுக்க வேண்டும். அளவு தப்பா, விலை குறைச்சலா, பங்கு பிரித்ததில் தகராறா என்று காரணத்தையும் எழுதணும். கலெக்டர் அதை 30 நாளில் ஆணையத்துக்கு அனுப்ப வேண்டும்.

தேசிய நெடுஞ்சாலைக்கு 1956-ம் ஆண்டு சட்டம். அதில் ஆர்பிட்ரேட்டரிடம் போக வேண்டும். தமிழ்நாட்டில் தொழில் திட்டங்களுக்கு 1997-ம் ஆண்டு சட்டம், மாநில நெடுஞ்சாலைக்கு 2001-ம் ஆண்டு சட்டம் என்று தனித்தனியாக இருக்கிறது. நோட்டீசின் தலைப்பில் எந்த சட்டம் என்று போட்டிருக்கும். அதை பார்த்து, வக்கீலிடம் கெடுவை கேட்டுக்கொள்வது நல்லது.

மனு கொடுத்ததும் தேதியும் சீலும் போட்டு ஒரு காப்பி வாங்கிடுங்க. ஆட்சேபனை எழுதிய ரசீதையும் ஜெராக்ஸ் எடுத்து பட்டாவோடு வையுங்க.