பிளாஷ் வெளிச்சத்திற் படம் எடுத்தல்

இணுவில் கந்தசுவாமி கோயிலின் பெருமஞ்சம் இரவிலே வீதி வலம் வரும் காட்சியைக் கண்டவர்கள் அதனை எளிதில் மறவார்கள். யாழ்ப்பாண நகருக்கு வடக்கே, காங்கேசன்துறை வீதியிற் சில கல் தொலைவில் அமைந்த இவ்வூருக்குத் தவிலும் நாதசுவரமும் பெயர் தேடித் தந்தன. தட்டுத் தட்டாக உயர்ந்து, மரச் சிற்பங்கள் செறிந்து விளங்கும் அந்த மஞ்சத்தின் புகழும் அதற்குக் குறைந்ததன்று. மஞ்சம் அசையத் தொடங்கியதும் நூறு கைகள் உயரும். நூறு கமராக்களிலிருந்து பளிச்சுப் பளிச்சென்று வெளிச்சம் மின்னும்.

வீட்டுக்குச் சென்று படத்தைப் பார்க்கும்போதுதான் ஏமாற்றம். முன்னே நின்றவரின் பிடரியும் அவர் தோளிற் கிடந்த சால்வையும் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்திருக்கின்றன. மஞ்சம் இருக்க வேண்டிய இடத்திலோ இருளும், அதனுள்ளே நாலைந்து விளக்குப் புள்ளிகளும் மாத்திரமே தெரிகின்றன. கமரா பழுது என்று கடைக்காரரிடம் கொண்டு போகிறவர்களும் உண்டு. பழுது கமராவில் இல்லை. வெளிச்சத்தின் இயல்பை எடுத்தவர் அறியாததே காரணம்.

சூரிய வெளிச்சத்திலே முன்னால் நிற்பவரும் நூறு முழத்துக்கு அப்பால் நிற்பவரும் ஒரே அளவு ஒளி பெறுகிறார்கள். சூரியன் அத்தனை தொலைவில் இருப்பதால் இந்த நூறு முழம் அதற்கு ஒரு பொருட்டன்று. கையிற் பிடித்த பிளாஷ் விளக்கின் நிலை வேறு. அதன் ஒளி செல்லச் செல்ல விரிந்து மெலிகிறது. ஐந்து அடியில் நிற்பவர் பெறும் ஒளியில் நாலில் ஒரு பங்கையே பத்து அடியில் நிற்பவர் பெறுகிறார். இருபது அடியில் நிற்பவருக்குக் கிடைப்பது பதினாறில் ஒரு பங்கு. தூரம் இரட்டித்தால் ஒளி பாதியாகும் என்று எண்ணுவது இயல்பு. உண்மையில் அது காற்பங்காகிவிடுகிறது. மஞ்சமோ ஐம்பது, அறுபது அடிக்கு அப்பால் நிற்கிறது. சிறிய பிளாஷ் அங்கே சென்று ஒளி தரும் என்று நம்புவது, குப்பி விளக்கை ஏற்றி வைத்து வயல் முழுதும் வெளிச்சம் காண நினைப்பதற்கு ஒப்பாகும்.

இந்த விதியை வைத்துக்கொண்டே ஒவ்வொரு பிளாஷ் விளக்குக்கும் ஒரு வழிகாட்டி எண் குறிக்கப்படுகிறது. பயன்படுத்தும் முறை எளிது. எண்ணைத் தூரத்தால் வகுத்தால், வில்லையின் துவாரத்தை எந்த அளவில் வைக்கவேண்டும் என்பது கிடைத்துவிடும். உதாரணமாக, 100 வேகமுள்ள பிலிமுக்கு அடிக் கணக்கில் வழிகாட்டி எண் 80 என்று வைத்துக்கொள்வோம். ஆள் பத்து அடியில் நின்றால் துவாரம் 8. இருபது அடியில் நின்றால் 4. பதினாலு அடியளவில் நின்றால் 5.6. பிலிமின் வேகம் 400 ஆனால் எண் நாலு மடங்காவதில்லை, இரண்டு மடங்காகி 160 ஆகும். இன்றைய எண்ணியற் கமராக்கள் இக்கணக்கைத் தாமே போட்டுவிடுகின்றன. முதலில் ஒரு சிறு மின்னலை அனுப்பி, திரும்பி வரும் ஒளியை அளந்து, பின்பு வேண்டிய அளவு ஒளியை விடுகின்றன. ஆயினும், கணக்கை மறந்தவர்களைக் கமராவும் காப்பாற்றாது. மணமகனின் வெள்ளைப் பட்டு வேட்டி படம் முழுவதையும் நிறைத்தால், வெளிச்சம் அளவுக்கு மிஞ்சிவிட்டது என்று கமரா கருதி ஒளியைக் குறைக்கும். முகம் கறுத்துப் போகும்.

அப்படியானால் மஞ்சத்தை எவ்வாறு எடுப்பது? மஞ்சத்தின்மேல் ஏற்கெனவே விளக்குகள் எரிகின்றன. அந்த ஒளியை நம்பவேண்டும். கமராவை முக்காலியிலே பூட்டி, ஒரு மதிலின் மேலோ வீட்டு மாடியிலோ நிறுத்தி, வீதி மூலையில் மஞ்சம் திரும்புவதற்காகத் தரித்து நிற்கும் வேளையைக் காத்திருக்க வேண்டும். அப்போது மூடுகதவு கால் நொடி, அரை நொடி திறந்திருக்குமாறு செய்தால், விளக்குகளும் அவற்றின் ஒளி பட்ட சிற்பங்களும் பதிந்துவிடும். அந்த அரை நொடிக்குள்ளேயே பிளாஷ் ஒருமுறை மின்னினால், அருகில் வடம் பிடித்து நிற்பவர்களின் முகங்களும் தெளிவாகும். தொலைவில் உள்ளதற்கு நீண்ட நேரம். அருகில் உள்ளதற்குப் பிளாஷ். இரண்டையும் ஒரே படத்திற் பொருத்துவதே இங்குள்ள தொழில்.

மஞ்சம் ஓய்ந்து நிற்கும் காலத்திலே, கோயிலாரின் அனுமதி பெற்று, வேறொரு முறையையும் கையாளலாம். இருளிலே மூடுகதவைத் திறந்தபடி விட்டு, பிளாஷ் விளக்கை மாத்திரம் கையில் எடுத்துக்கொண்டு மஞ்சத்தைச் சுற்றி நடந்து, ஐந்தாறு இடங்களிலிருந்து ஒவ்வொரு முறை மின்னச் செய்யவேண்டும். ஒவ்வொரு மின்னலும் ஒவ்வொரு பகுதியைப் பதித்துவிடும். பக்கவாட்டிலிருந்து வரும் ஒளியிலே குதிரையின் பிடரிமயிரும் கொடியின் மடிப்பும் நிழலோடு எழுந்து நிற்கும். நேரே முன்னின்று அடித்த ஒளி சிற்பத்தைத் தட்டையாக்கிவிடும் என்பதைத் தச்சரிடம் கேட்டாலும் சொல்வார். அவர் உளி பிடித்த ஆழத்தை நிழலே காட்டுகிறது.

இந்த மின்னல் மனிதன் கைக்கு வந்த கதை சுவையானது. 1851ஆம் ஆண்டில் இங்கிலாந்திலே ஃபாக்ஸ் டால்பட் என்னும் அறிஞர், விரைந்து சுழலும் ஒரு தட்டிலே பத்திரிகைத் தாளொன்றை ஒட்டி, மின்பொறியின் ஒளியிலே படமெடுத்து, ஓடும் பொருளையும் நிறுத்திக் காட்டலாம் என்று நிறுவினார். 1887இல் ஜெர்மனியில் மக்னீசியத் தூளோடு எரியூட்டும் இரசாயனப் பொருள்களைக் கலந்த பிளாஷ் தூள் உருவாகியது. அடுத்து வந்த சில மாதங்களிலேயே நியூயோர்க் நகரத்துச் சேரிகளின் இருண்ட அறைகளுக்குள் ஜேக்கப் ரீஸ் என்னும் பத்திரிகையாளர் அத்தூளோடு நுழைந்தார். சாளரமில்லாத அறைகளில் ஏழைகள் அடைபட்டுக் கிடந்ததை அந்நகரத்தார் கண்ணாற் கண்டது அவர் எடுத்த படங்களினாலேதான். 1890இல் அவர் வெளியிட்ட நூல் குடியிருப்புச் சீர்திருத்தத்துக்குப் பெருந் துணையாயிற்று. தூளோ பொல்லாதது. வெடிக்கும், புகையும், தீப்பற்றும். ரீஸ் அவர்களே ஓரிரு தடவை தாம் படமெடுக்கச் சென்ற வீட்டிலே தீ மூட்டிவிட்டதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்.

1929, 1930 அளவில் வந்த கண்ணாடிக் குமிழ் இந்த ஆபத்தைப் போக்கியது. உள்ளே மெல்லிய உலோக இழையும் ஒட்சிசனும். மின்சாரம் பட்டதும் ஒருமுறை எரிந்து முடிந்துவிடும். ஒரு படத்துக்கு ஒரு குமிழ் என்பதால், அக்காலத்துப் படப்பிடிப்பாளர் கலியாண வீட்டிலே விரலை மடக்கி எண்ணி எண்ணித்தான் படம் எடுத்தார். தாலி கட்டும்போது குமிழ் எரியாமற் போனால் மறுபடி கட்டச் சொல்ல முடியுமா? அதே காலத்தில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்திலே ஹரோல்ட் எட்கெர்ட்டன், வாயு நிரப்பிய குழாயினூடே மின்சாரத்தைப் பாய்ச்சி, மீண்டும் மீண்டும் மின்னக்கூடிய விளக்கை உருவாக்கினார். 1957இல் அவர் எடுத்த, பாற்றுளி விழுந்து கிரீடம்போல் எழும் வண்ணப்படம் உலகப் புகழ் பெற்றது. கமராவின் தலையில் இன்று நாம் காணும் மின்னணுப் பிளாஷ் அந்த வழியில் வந்ததே. பற்றரியின் சிறு மின்னழுத்தத்தை முந்நூறு வோல்ற்று வரை உயர்த்தி, கொள்ளளவி ஒன்றிலே சேர்த்து வைத்து, ஆயிரத்தில் ஒரு நொடிக்கும் குறைந்த நேரத்தில் அது கொட்டிவிடுகிறது. சேர்த்து வைக்கப்பட்ட மின்சாரம் விளக்கை நிறுத்திய பின்பும் உள்ளே தங்கியிருக்கும்; அதனாற் பழுதுபட்ட பிளாஷைத் திறந்து பார்க்கும் ஆசையைச் சிறுவர்கள் மாத்திரமன்றிப் பெரியவர்களும் அடக்கிக்கொள்ள வேண்டும்.

இந்த ஆயிரத்தில் ஒரு நொடி, இணுவில் போன்ற ஊரிலே தனிப் பெறுமதி உடையது. இங்கு பிறந்த தவில் மேதை தட்சணாமூர்த்தி 1933 முதல் 1975 வரை வாழ்ந்தவர். அத்தகைய ஒருவரின் வலக்கை விரல்கள், கூடு அணிந்து, வலந்தலையில் விளையாடும் வேகத்தைக் கண் பின்தொடர முடியாது. கமராவும் சாதாரண வெளிச்சத்திலே பின்தொடராது; விரல் இருந்த இடத்திலே மங்கிய ஒரு விசிறியே பதியும். பழைய குமிழின் ஒளியும் நொடியில் ஐம்பது, அறுபதில் ஒரு பங்கு நேரம் நீடித்ததால் விரல் கலங்கியே தெரியும். மின்னணுப் பிளாஷோ விரலை நிறுத்திவிடுகிறது; இடக்கையிற் பிடித்த கழி தோலைத் தொடுவதற்கு முன்னுள்ள கணத்தைக்கூடப் பிடித்துவிடுகிறது.

ஆனால் முழுதும் உறைந்து போன கை சிலவேளை கற்சிலையின் கைபோல் ஆகிவிடுவதுண்டு. வாசிப்பவர் வாசிக்கிறாரா, வெறுமனே கை வைத்திருக்கிறாரா என்பது தெரியாது. அதனால் மூடுகதவை நொடியில் பதினைந்தில் ஒரு பங்கு நேரம் திறந்துவிட்டு, அது மூடப்போகும் தறுவாயிலே பிளாஷை மின்னச் செய்வது நல்லது. பந்தல் வெளிச்சத்திலே விரலின் ஓட்டம் மெல்லிய கோடாகப் பதியும். கடைசி மின்னலிலே விரல் தெளிவாகப் பதியும். ஓட்டமும் கையும் இரண்டும் கிடைக்கும். வித்துவானின் கண்ணுக்கு நேரே அடிப்பது மாத்திரம் ஆகாது. தனியாவர்த்தனத்தின் நடுவிலே கணக்கைத் தவறவிடச் செய்த பழி படம் எடுத்தவருக்கு வந்து சேரும்.

கலியாண வீட்டிலே எதிர்ப்படும் தொல்லைகள் வேறு. நேரே அடித்த ஒளியிலே மணமகளின் சரிகைப் புடைவை கண்ணைப் பறிக்கும். நெற்றியில் வியர்வை எண்ணெய்போல் மின்னும். பின்சுவரிலே ஒவ்வொரு தலைக்கும் ஒரு கறுப்புத் தலை முளைக்கும். இதற்கு மருந்து, ஒளியை நேரே விடாமல் எதிலாவது தட்டி வரச் செய்வது. மேனாட்டு நூல்கள் கூரையின் உட்புறத்திலே தட்டும்படி சொல்கின்றன. யாழ்ப்பாணத்து ஓட்டு வீட்டில் நிமிர்ந்து பார்த்தால் கைமரமும் சிலாகையுந்தான் தெரியும். ஒளி போனது போனதுதான். ஆனால் இங்கே வேறொரு வசதி உண்டு. மங்கல வீட்டிலும் மரண வீட்டிலும் பந்தலின் உட்புறத்திலே வெள்ளை கட்டும் வழக்கம் நெடுங்காலமாக இருந்து வந்தது. அந்த வெள்ளைத் துணிக்கு நேராக விளக்கை நிமிர்த்தி அடித்தால், நிலவு பொழிவது போல ஒளி பரந்து இறங்கும், நிழல் மெலியும். இவ்வாறு தட்டி வரும்போது ஒளி பெரிதும் குறையுமாதலால் துவாரத்தை இரண்டு படி அதிகம் திறக்கவேண்டும். இன்று பல பந்தல்களிலே காணும் இளஞ்சிவப்பு, ஊதாத் துணிகள் அழகாயிருக்கலாம். அவற்றிலே தட்டிய ஒளி மணமக்களின் முகத்திலும் அந்த நிறத்தையே பூசிவிடும். அவ்விடத்தில் ஒரு முழம் வெள்ளைக் கடதாசியை விளக்கின் பின்னே சாய்த்துக் கட்டுவது மேல். ஓமப் புகை எழும்போது சற்றுப் பொறுப்பதும் நன்று. புகையே ஒளியைத் திருப்பி, ஐயரையும் மறைத்துவிடும்.

பிலிம் காலத்திலே இன்னொரு விபத்து பல வீடுகளில் நேர்ந்தது. படத்திலே மாப்பிள்ளை இருப்பார். பெண் இருக்கவேண்டிய பாதி கறுப்பாயிருக்கும். காரணம், துணித் திரைகள் இரண்டு ஒன்றன்பின் ஒன்றாக ஓடும் வகைக் கமராவிலே, வேகத்தைக் கூட்டினால் எந்த நேரத்திலும் பிலிம் முழுவதும் திறந்திருப்பதில்லை; ஒரு கீற்றே திறந்திருக்கும். அந்தக் கீற்றிலே மாத்திரம் பிளாஷ் ஒளி விழும். அத்தகைய கமராக்களிலே 60 என்ற வேகத்தைத் தாண்டக்கூடாது என்பது அனுபவத்திற் கற்ற பாடம். இன்றைய கமராக்கள் பல 200, 250 வரை இடம் கொடுக்கின்றன. எல்லை இல்லாமற் போய்விடவில்லை.

1990இல் போர் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. பற்றரி தடைப்பட்ட பொருள்களில் ஒன்றாயிற்று. நாலு பற்றரி இல்லாமற் பிளாஷ் ஊமை. கலியாணங்கள் நிற்கவில்லை. மணமக்களைப் பகலிலே முற்றத்துக்கு அழைத்து, வாசலோரத்து நிழலில் நிறுத்தி, எதிரே வெள்ளை வேட்டியொன்றைப் பிடித்து ஒளியைத் திருப்பி எடுக்கலாம். அதற்கு எந்தப் பற்றரியும் வேண்டியதில்லை. பிளாஷ் வாங்க எண்ணுகிறவர்கள் இன்றும் அந்த வேட்டியோடு தொடங்குவது தவறாகாது. ஒளி எங்கிருந்து வந்தால் முகம் எவ்வாறு மாறும் என்பதை அது கண்முன்னே காட்டிவிடும். பிளாஷோ ஒருகணத்தில் தோன்றி மறைவது.

1995 அக்டோபர் 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் ஊரைவிட்டுப் புறப்பட்டபோது இணுவிலாரும் அந்தக் கூட்டத்தில் இருந்தனர். கையில் எடுத்தவை சில; விட்டவை பல. விட்டவற்றுள்ளே படத் தொகுப்புகளும் இருந்தன. ஆகவே ஒரு குடும்பத்தில் எஞ்சிய படத்தை, இன்று பிற ஊர்களிலும் நாடுகளிலும் வாழும் உறவினர் பிரதி எடுக்கக் கேட்கிறார்கள். இங்கேயும் பிளாஷ் கெடுத்துவிடக் கூடும். சட்டத்திலுள்ள படத்துக்கு நேரே கமராவைப் பிடித்து அடித்தால், கண்ணாடியிலே பட்ட ஒளி பாட்டியின் முகத்திலே வெள்ளைப் பொட்டாக விழும். கண்ணாடியைப் பக்குவமாகக் கழற்றவேண்டும். படம் அதில் ஒட்டிக்கொண்டிருந்தால் இழுக்காமல் அப்படியே விட்டுவிட வேண்டும். படத்தைத் தட்டையாக வைத்து, கமராவை நேர்மேலே நிறுத்தி, ஒரே அளவான இரண்டு விளக்குகளை இடமும் வலமும் நாற்பத்தைந்து பாகைச் சரிவில், சம தூரத்தில் வைக்கவேண்டும். ஒரே பிளாஷ்தான் இருப்பின் அதனைக் கழற்றி ஒரு பக்கத்திலே தூரமாகப் பிடித்து, மறுபக்கத்தில் வெள்ளைக் கடதாசியை நிறுத்தலாம். முன்பக்கம் முடிந்ததும் படத்தைத் திருப்பிப் பார்க்கவேண்டும். ஸ்ரூடியோவின் முத்திரையோ, யாரோ பென்சிலில் எழுதிய பெயரும் ஆண்டுமோ அங்கே மங்கலாக இருந்தால், விளக்கை மேசையின் மட்டத்துக்குத் தாழ்த்திப் பக்கவாட்டில் ஒளி விழச் செய்து, அதனையும் தனியே ஒரு படம் எடுத்துக்கொள்ள வேண்டும். பென்சில் அழுத்திய பள்ளம் அந்தச் சரிந்த ஒளியிலே படிக்கத் தெரியும்.