‘நோர்மல்’ எண்டு சொன்னால் காணாது, இலக்கத்தைக் கேளுங்கோ!

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை. அம்மா குசினியில் நின்றபடி, யாழ்ப்பாணத்தில் இருக்கும் சித்தியோடு வட்ஸ்அப்பில் கதைத்துக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் ஒரே கிழமையில் இரத்தம் சோதித்திருந்தார்கள்.

“அக்கா, எனக்கு வெறுவயித்தில சீனி நூற்றுப் பதினேழாம். டொக்டர் சோத்தைக் குறைக்கச் சொல்லிப்போட்டார்.”

“எனக்கு ஆறரைதான். கனடாச் சாப்பாடு நல்லது போல கிடக்கு.”

நான்தான் இடையில் புகுந்து அந்தச் சந்தோசத்தைக் கெடுக்க வேண்டியிருந்தது. இரண்டு பேருக்கும் ஒரே சீனிதான். ஊரில் மில்லிகிராம் கணக்கு. கனடாவிலும் பிரித்தானியாவிலும் மில்லிமோல் கணக்கு. மில்லிமோலை 18ஆல் பெருக்கினால் மில்லிகிராம் வரும். 6.5ஐ 18ஆல் பெருக்கிப் பாருங்கள், 117. பிரான்சில் இருக்கும் மாமாவுக்கு இதே அளவு 1.17 கிராம் என்று வந்திருக்கும்.

வெறுவயிற்றில் 7.0 அல்லது அதற்கு மேல் என்றால் நீரிழிவு. நோயின் அறிகுறி எதுவும் இல்லாதவருக்கு இன்னொரு முறை சோதித்து உறுதி செய்வார்கள். கனடாவில் 6.1 முதல் 6.9 வரை நீரிழிவுக்கு முந்திய நிலை. ஆக, அம்மாவும் சித்தியும் ஒரே வாசலில்தான் நிற்கிறார்கள். ஒருவர் சோற்றைக் குறைக்கிறார், மற்றவர் நிம்மதியாகப் புட்டுச் சாப்பிடுகிறார்.

இன்னொரு குழப்பமும் இருக்கிறது. ஏ1சி என்ற பரிசோதனையிலும் 6.5 என்று வரலாம். ஆனால் அது வீதக் கணக்கு. எங்கள் சிவப்பணுக்கள் ஏறக்குறைய 120 நாட்கள் வாழ்கின்றன. அந்தக் காலத்தில் அவற்றில் எவ்வளவு சீனி ஒட்டியிருக்கிறது என்பதை ஏ1சி காட்டுகிறது. அதாவது கடந்த இரண்டு, மூன்று மாதத்துச் சராசரி. முதல்நாள் இரவு பட்டினி கிடந்து அதை ஏமாற்ற முடியாது. அங்கே 6.5 வீதம் என்றால் நீரிழிவு. பிரித்தானியாவில் அதே அளவை 48 என்று எழுதுவார்கள். ஒரே 6.5, எந்தப் பரிசோதனை என்பதைப் பொறுத்துப் பொருள் மாறுகிறது.

அப்பாவின் ஐந்து தாள்கள்

இதெல்லாம் எனக்கு முந்தித் தெரியாது. படிக்க வைத்தது அப்பாவின் சிறுநீரகம்.

அப்பாவுக்கு வருடத்துக்கு ஒருமுறை இரத்தம் எடுப்பார்கள். “பிழை இருந்தால் கூப்பிடுவம்” என்பார்கள். கூப்பிட மாட்டார்கள். நான் இணையத்தில் முடிவைத் திறந்து, ஓரத்தில் சிவப்பு எழுத்து ஏதும் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பேன். இல்லை. “எல்லாம் நோர்மல் அப்பா” என்று சொல்லிவிட்டு மூடிவிடுவேன். அவரும் “அப்ப சரி” என்று முழங்கால் வலிக்கு மருந்துக்கடையில் தானாக வாங்கிய குளிசையைப் போட்டுக்கொள்வார்.

ஐந்து வருடத்தில் அவருடைய கிரியற்றினின் 84இல் தொடங்கி, மெல்ல மெல்ல 108 ஆனது. ஆய்வுகூடத்தின் எல்லை 110. ஒருமுறையும் சிவப்பு எழுத்து வரவில்லை. அடுத்த வருடம் 118 வந்தபோதுதான் கூப்பிட்டார்கள். புதிதாக வந்த டொக்டர் பழைய தாள்களை வரிசையாக வைத்துப் பார்த்துவிட்டு, “இது போன வருடம் தொடங்கின கதை இல்லையே” என்றார்.

கிரியற்றினின் என்பது தசையிலிருந்து வரும் கழிவு. சிறுநீரகம் அதை வெளியேற்றுகிறது. அது இரத்தத்தில் கூடினால் வடிகட்டல் குறைகிறது என்று அர்த்தம். ஆனால் தசை குறைந்த, மெலிந்த வயதான அம்மா ஒருவருக்கு, சிறுநீரகம் பழுதடைந்தும் கிரியற்றினின் நல்லதாகவே தெரியலாம். அதனால் வயதையும் பாலையும் சேர்த்துக் கணக்கிட்டு ஈஜிஎவ்ஆர் என்று இன்னொரு இலக்கம் கொடுப்பார்கள். பார்க்க வேண்டியது அதைத்தான். அது மூன்று மாதத்துக்கு மேலாக 60க்குக் கீழே நின்றால் நாட்பட்ட சிறுநீரக நோய். அப்பாவுக்கு 88இல் இருந்தது, சிவப்பு எழுத்து இல்லாமலே 64க்கு இறங்கி, பிறகு 57க்கு வந்தது.

அந்த முழங்கால் குளிசை ஐபுபுரோபென். வயதானவர்கள் நெடுநாள் எடுத்தால் சிறுநீரகத்தைத் தாக்கக்கூடியது. டொக்டரிடம் அதை நாங்கள் சொல்லியிருக்கவில்லை. “கடையில வாங்கினதுதானே” என்று அப்பா நினைத்தார். இப்போது அது நிறுத்தப்பட்டு, பிரஷர் மருந்தும் மாற்றப்பட்டு, இரண்டு வருடமாக இலக்கம் அதே இடத்தில் நிற்கிறது. இழந்தது திரும்பி வரவில்லை.

நான் பிழை பிடிப்பது ஆய்வுகூடத்தை அல்ல. ஐந்து தாளையும் கையில் வைத்திருந்தவன் நான்.

எல்லைக் கோடு எங்கேயிருந்து வருகிறது?

பல பரிசோதனைகளில், சுகதேகிகள் நிறையப் பேரைச் சோதித்து, அவர்களில் நடுவில் வரும் 95 வீதத்தினரின் அளவையே ‘நோர்மல்’ என்கிறார்கள். அப்படியென்றால் நோயே இல்லாத 20 பேரில் ஒருவர் கோட்டுக்கு வெளியே நிற்பார். ஒரே தாளில் 20 பரிசோதனைகள் இருந்தால், நல்ல சுகத்தோடு இருப்பவருக்கும் ஒரு சிவப்பு எழுத்தாவது வருவதற்கே சாத்தியம் அதிகம். ஆகவே சிவப்பைக் கண்டதும் இரவிரவாக இணையத்தில் தேடி நித்திரையைக் கெடுக்க வேண்டாம். சிவப்பு இல்லையென்று தாளை எறியவும் வேண்டாம். உங்கள் போன வருட இலக்கத்தோடு இந்த வருட இலக்கத்தை ஒப்பிடுங்கள்.

“இரத்தம் காணாது”

எங்கட வீடுகளில் பெண்பிள்ளை களைத்துப்போய் வந்தால் உடனே சொல்லும் வார்த்தை இது. ஹீமோகுளோபின் பெண்களுக்கு 120க்கும், ஆண்களுக்கு 130க்கும் கீழே போனால் இரத்தச்சோகை. ஊர்த் தாளில் இது 12, 13 என்று இருக்கும்.

ஆனால் ஏன் குறைந்தது என்பதே முக்கியம். எம்சிவி என்பது சிவப்பணுவின் பருமன். அது 80க்குக் கீழே என்றால் இரும்புச்சத்துக் குறைவாக இருக்கலாம், தலசீமியாவைக் கடத்தும் தன்மையாகவும் இருக்கலாம். பெரிற்றின் என்ற பரிசோதனை இரும்புக் கையிருப்பைக் காட்டும். அது போதியளவு இருந்தும் எம்சிவி குறைவாகவே இருந்தால், இரும்புக் குளிசையை வருடக்கணக்காக விழுங்கிப் பயனில்லை. தலசீமியா உண்டா என்று சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். கடத்துபவருக்குப் பெரும்பாலும் ஒரு வருத்தமும் தெரியாது. ஆனால் கணவன் மனைவி இருவரும் கடத்துபவர்களாக இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் கடுமையான தலசீமியா வர நான்கில் ஒரு வாய்ப்பு. கலியாணத்துக்குச் சாதகம் பார்க்கும் நாங்கள் இந்தத் தாளையும் ஒருக்கால் பார்க்கலாம்.

ஆண்களுக்கும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் இரும்புச்சத்துக் குறைந்தால், குடலில் எங்காவது இரத்தம் கசிகிறதா என்று தேட வேண்டும். குளிசையோடு விட்டுவிடக் கூடாது.

சீனி வருத்தத்துக்கு வருடக்கணக்காக மெற்போர்மின் எடுப்பவர்களுக்கு பி12 குறையலாம். மச்சம் சாப்பிடாதவர்களுக்கும் அப்படியே. கால் விறைப்பை “சீனியாலதான்” என்று விட்டுவிடாமல் பி12ஐயும் பார்க்கச் சொல்லுங்கள். தலைமுடிக்காக பயோட்டின் எடுக்கும் பிள்ளைகள் இரத்தம் கொடுக்கமுன் அதைச் சொல்ல வேண்டும். தைரொயிட் முடிவையே அது பிழையாகக் காட்டிவிடக்கூடும்.

டொக்டரிடம் கேட்க மூன்று கேள்விகள்

“என்ர இலக்கம் என்ன? போன முறை என்ன? திரும்ப எப்ப சோதிக்க வேணும்?” இவ்வளவுதான். இவற்றைக் கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. பெரியவர்கள் “டொக்டருக்குத் தெரியாததே” என்பார்கள். டொக்டருக்குத் தெரியும்தான். ஆனால் பத்து நிமிடத்தில் அவர் பார்ப்பது பெரும்பாலும் இன்றைய தாளைத்தான்.

இங்கே பிறந்த பிள்ளைகளுக்கும் ஒன்று. அம்மா அப்பாவுக்காக டொக்டரிடம் மொழிபெயர்ப்பது நீங்கள்தான். “எல்லாம் ஓகேயாம்” என்று ஒரு வரியில் முடித்துவிடாதீர்கள். நான் அப்படித்தான் முடித்தேன்.

இப்போது எங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் ஒரு கொப்பித்தாள் ஒட்டியிருக்கிறது. வருடம், சீனி, ஏ1சி, ஈஜிஎவ்ஆர், கொலஸ்ரரோல், ஹீமோகுளோபின். அப்பா தன் கையால் எழுதுகிறார். போன கிழமை அம்மா தன்னுடைய 6.5ஐயும் அதில் எழுதினார். பக்கத்தில் சித்தியின் 117ஐயும் எழுதி, இரண்டையும் ஒரு கோட்டால் இணைத்திருந்தார்.